உப்பக்காவின் வலது கை

வலது கையைத் தோள்வரை மீன்தொட்டிக்குள் விட்டு, கன்னத்தைக் கண்ணாடி விளிம்பில் அழுத்திக்கொண்டு, "துண்டு... துண்டு எடுங்க, சொட்டுது" என்கிறார் உப்பக்கா. பல் தேய்த்துக்கொண்டிருந்த அவர் கணவர் மாஸ்டர் பிரஷ்ஷும் கையுமாக ஓடி வந்து ஒரு துண்டை நீட்டுகிறார். நீட்டியது தப்பான துண்டு. நீலத் துண்டு தொட்டிக்கு, வெள்ளைத் துண்டு மனிதர்களுக்கு. மனிதர்களின் துண்டில் சோப்பு இருக்கும், அது தண்ணீரில் பட்டால் ஆபத்து. இத்தனை வருஷமாக இதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியும் இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏறவில்லையே என்று, தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலே அக்கா சொல்லி முடிக்கிறார். வாய் நிறைய நுரை இருப்பதால் மாஸ்டரால் பதில் பேச முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டார்.

உப்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கடையிலிருந்து மாடிக்குச் சாமான் தூக்கி வருகிறவர், இரண்டே பேர் இருக்கும் குடும்பத்துக்கு இத்தனை வாளி உப்பு எதற்கு என்று மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் வைத்துவிட்டுப் போன பெயர். கடல் தண்ணீர் செய்வதற்கு என்று அக்கா விளக்கியபோது, "அது கடல்லயே நிறைய இருக்கேக்கா" என்று கேட்டாராம். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாஸ்டர் உள்ளறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

அக்காவின் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பது. நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இல்ல, முன்ன போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பார். தெளிவாகத்தான் இருக்கிறது என்று சொன்னாலும் விட மாட்டார். கால் பங்கு கூட்டிப் பார்ப்பார், கொஞ்சம் திருப்பிப் பார்ப்பார், பிறகு பழையபடியே வைத்துவிட்டு இன்னொரு முறை கேட்பார். கடையில் அதற்கு நல்ல பெயர் உண்டு. அந்தக் குணத்தை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்பதை மாஸ்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் செய்யும் தப்புக்கெல்லாம் தான் வியர்ப்பது அவருடைய பிழைப்பு. வீட்டிலும் அதே பிழைப்புதான். என்ன, இங்கே அவர் பக்கம் பிரேக் கிடையாது.

கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் தொட்டி இருக்கிறது. சோபா செருப்பு அலமாரியின் இடத்துக்குப் போய்விட்டது. செருப்புகள் வாசலுக்கு வெளியே கிடக்கின்றன. தொட்டிக்கு மேலே நீல விளக்கு. அது எரியும்போது விருந்தாளிகள் எல்லோரும் நோயில் விழுந்து எழுந்தவர்கள்போலத் தெரிவார்கள். உள்ளே மீன்கள் ஏதோ நாலைந்து உண்டு, ஆனால் அவை உப்புக்குச் சப்பாணி. அக்காவின் உயிர் கிளைப் பவளங்களில் இருக்கிறது. பார்த்தால் இலையில்லாத குட்டி மரம், தொட்டால் கல். அந்தக் கல்லின் மேல் காகிதத்தைவிட மெல்லிய தோல், தோல் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் வாய்கள். ஒவ்வொரு வாயும் ஓர் உயிர். எல்லாம் சேர்ந்து தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கிளை கிளையாகக் கட்டிக்கொண்டே போகும். சூடு கொஞ்சம் ஏறினால் வெளுத்துவிடும். தண்ணீரின் காரத்தன்மை சட்டென்று ஏறி இறங்கினால் தோல் உரிந்துவிடும். "அதுக்கு நேத்து மாதிரியே இன்னிக்கும் இருக்கணும், அவ்வளவுதான்" என்பார் அக்கா. இதைச் சொல்லும்போதே அவருடைய வலது கை தொட்டிக்குள் போய் எதையாவது நகர்த்திக்கொண்டிருக்கும்.

மாஸ்டரின் குறைகளைக் கேட்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும். குளியலறையில் பாதி இடத்தை உப்பு கரையும் பீப்பாய் பிடித்துக்கொண்டிருக்கிறது. குளிர்பெட்டியில் பாலுக்குப் பக்கத்திலேயே மீன்களுக்கான உறைந்த புழு. வீட்டுக்குள் வாசனைத் திரவியம் எதுவும் அடிக்கக் கூடாது, காற்றில் கலந்து தண்ணீரில் இறங்கிவிடும். ஆகவே மாஸ்டர் தினமும் காலையில் மாடிப்படிக்குப் போய், சட்டையைத் தூக்கி, இரண்டு கக்கத்திலும் அடித்துக்கொண்டு வருவார். கீழ் வீட்டு அம்மாள் அவரை நேருக்கு நேர் பார்ப்பதை நிறுத்தி ரொம்ப காலமாகிறது. இரண்டு பேரும் சேர்ந்து வெளியூர் போனது எப்போது என்று கேட்டால், யோசித்துப் பார்த்து, மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனதைச் சொல்வார். அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். தொட்டியில் மோட்டார் நின்றுவிட்டால் யார் பார்ப்பது?

இத்தனையையும் அவர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது அந்தக் கைதான். நன்றாக ஓடுகிற மோட்டாரைக் கழற்றிப் பார்க்கும். நேற்று வைத்த கல்லை இன்று ஒரு விரல் தள்ளி வைக்கும். விளக்கை ஒரு பிடி ஏற்றும், மறுநாள் அரைப் பிடி இறக்கும். சும்மா இருப்பது என்பது அக்காவுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வலது கை முழங்கைவரை வெளுத்து, வேறு யாருடைய கையையோ கடன் வாங்கி மாட்டியதுபோல இருக்கும். கடையில் வில்லை மாற்றும்போது விரல் நுனியில் உப்பு பூத்திருப்பதைப் பார்த்து ஒரு பெரியவர், "ஏம்மா, சமையல் பாதியில வந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார்.

தொட்டியில் இருப்பவற்றில் மூத்தவள் என்று ஒன்று உண்டு. வேறொருவர் தொட்டியைக் கலைத்துவிட்டு நாடு மாறிப் போனபோது கட்டைவிரல் நீளத்துக்கு வந்த கிளை. இப்போது இரண்டு கையாலும் அணைத்தால்தான் அடங்கும். உடம்பு பழுப்பு, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஊதா. அக்காவுக்கு ஒரே மகள்தான். ஆனால் அந்த மகள் விடுதியிலிருந்து பேசும்போதெல்லாம், "இளையவ பேசறேன்மா, மூத்தவ நல்லா இருக்காளா?" என்றுதான் ஆரம்பிப்பாள். வீடியோவில் வந்தால் அவளுக்குத் தெரிவது அம்மாவின் காதும், அம்மாவுக்குப் பின்னால் மூத்தவள் முழுசாகவும்.

பவளம் வளர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. நன்றாக வளர்ந்த பவளத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்து, நம்பிக்கையான இன்னொருவர் தொட்டியில் கொடுத்து வைப்பார்கள். தாராள குணத்தால் அல்ல. என்றைக்காவது தன் தொட்டி கெட்டுப்போனால், அந்தக் கிளையிலிருந்து ஒரு கிளை திரும்பி வரும் என்ற முன்ஜாக்கிரதைதான். அக்காவும் இதை ஒத்துக்கொள்வார். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். மூத்தவளின் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் மாஸ்டரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். மாஸ்டர் முன்பின் தெரியாதவர்களின் சோபாவில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டிருக்க, அக்கா தொட்டியைச் சுற்றி வந்து, குனிந்து, மோந்து, கேள்வி கேட்டு, வீட்டைவிட்டு வெளியே வந்ததும் தீர்ப்புச் சொல்வார். பல் மருத்துவர் வீட்டில் மீன் அதிகம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வீட்டில் எல்லாம் பிரமாதம், ஆனால் அவர் மனைவி அறைக்கு அறை ஊதுவத்தி ஏற்றுகிறார். கடைசியாகப் போனது ஒரு லிஃப்ட் மெக்கானிக் வீடு.

அந்த மெக்கானிக்கின் தொட்டியில் முன்பக்கக் கண்ணாடி மட்டும் சுத்தமாக இருந்தது. மற்ற மூன்று பக்கமும் பச்சைப் பாசி, திரை போட்டதுபோல. தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று அக்கா கேட்டார். சோதனை மருந்து காலாவதியாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று அவர் தலையைச் சொறிந்தார். உப்புத் தண்ணீரை மாற்றுவது எப்போது? சனிக்கிழமை. "சனிக்கிழமை மறந்துட்டேன்னா அப்புறம் அடுத்த சனிக்கிழமைதாங்க்கா ஞாபகம் வரும்" என்று சிரித்தார். அக்கா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மாஸ்டருக்கோ அந்த வீட்டைவிட்டு வரவே மனமில்லை. அங்கே சோபா டிவியைப் பார்த்து இருந்தது. படியிறங்கும்போது, "அந்தத் தம்பி கையில குடுத்தா ஒரு மாசம் தாங்காது" என்று அக்கா சொன்னார். ஆக, மூத்தவளிடமிருந்து ஒரு நுனிகூட எங்கும் போகவில்லை.

வினை வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். தண்ணீரின் காரத்தைச் சோதிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சாயம் கலந்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாகிறதோ அதுதான் கணக்கு. அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு சொட்டு கூடுதலாக வந்தது. காரம் ஏறிவிட்டது என்று அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படிச் சொல்வது வழக்கம். உண்மையில் கை ஓடு ஓடென்று ஓடியது. தண்ணீரில் பாதியை இறைத்துக் கொட்டிப் புதுத் தண்ணீர் நிரப்பினார். அடுத்த நாள் பார்த்தால் காரம் இறங்கிக் கிடந்தது. பொடியைக் கரைத்து ஊற்றினார். அதற்கடுத்த நாள் ஏறிக் கிடந்தது. மறுபடியும் இறைத்தார். மாஸ்டர் வாளி சுமந்தார். வகுப்புக்கு வந்த மாணவர் கீழே காத்திருக்க, ஈரக் கால்சட்டையோடு போய்க் காரில் உட்கார்ந்தார். இருக்கையில் ஈரம் ஊறுவதைப் பார்த்த மாணவர் பயந்துபோய் ஒன்றும் கேட்கவில்லை.

பல நாள் இப்படிப் போன பிறகு மாஸ்டருக்கு வாய் திறந்துகொண்டது. "ஏம்மா, புதுசா ஓட்ட வர்றவங்க இப்படித்தான் பண்ணுவாங்க. வண்டி லேசா இடது பக்கம் போச்சுன்னா ஸ்டியரிங்க வலது பக்கம் ஒரே ஒடி ஒடிப்பாங்க. அப்புறம் அது வலது பக்கம் போகும். அப்புறம் இடது. கடைசியில வண்டி பள்ளத்துல. சும்மா பிடிச்சுட்டு இருந்தாலே அது நேரா போகும்னு சொன்னா கேக்க மாட்டாங்க."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். இது வண்டி இல்லை, உயிர் என்றார். வாளியை வைத்துவிட்டு வேண்டுமானால் போகலாம் என்றும் சொன்னார். வேண்டும் என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வரை வந்தது, வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார். அங்கே பீப்பாயின் முன் நின்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு பவளத்துக்காகத் தன் ஆயுசில் இறைத்த தண்ணீரில் ஒரு கப்பலை மிதக்க விடலாம் என்று தோன்றியது. எரிச்சலில் அழுகைகூட வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் மூத்தவளின் அடிப்பாகத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. வெள்ளை என்றால் சுண்ணாம்பு வெள்ளை. தோல் உரிந்து எலும்பு தெரிகிறது என்று அர்த்தம். சாயங்காலம் அந்தக் கோடு விரல் அகலத்துக்கு மேலே ஏறியிருந்தது. தோல் நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரில் மிதந்தது. இது ஆரம்பித்துவிட்டால் நிற்காது. அடியிலிருந்து நுனிவரை உரித்துக்கொண்டே போய், விடிவதற்குள் கல்லை மட்டும் விட்டுவைக்கும். மற்ற பவளங்களையும் தொற்றலாம். மாஸ்டரும் வாளியை வைத்துவிட்டு வந்து தொட்டியின் முன்னால் குந்திக்கொண்டார். எத்தனை திட்டியிருந்தாலும், காலையில் தேநீரோடு உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் அந்த ஊதா நுனிகளைத்தானே.

அக்கா மறுபடியும் குப்பியை எடுத்துச் சோதித்தார். சொட்டு வழக்கமான எண்ணிக்கைக்கு வந்து நின்றது. நம்ப முடியாமல் அதே தண்ணீரில் இன்னொரு குப்பி நிரப்பினார். அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சொட்டு விட்டார். இரண்டு சொட்டு கூடுதலாக வந்தது.

ஒரே தண்ணீர், இரண்டு கணக்கு. அக்கா தன் கையைப் பார்த்தார். கழுத்து சாய்ந்ததில் கை சாய்ந்து, மருந்துப் புட்டியும் சாய்ந்திருந்தது. புட்டியை நிமிர்த்திப் பிடித்தால் சொட்டு முழுசாக விழும், சாய்த்துப் பிடித்தால் இளைத்து விழும், எண்ணிக்கை கூடும். அந்தச் சனிக்கிழமை காலையிலும் மகளோடு பேசிக்கொண்டேதான் சொட்டு விட்டிருந்தார். போனில் மகள் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்தார்.

"தண்ணியில ஒண்ணுமே கோளாறு இல்லைங்க" என்றார். "அன்னிக்கும் இல்ல. நான்தான்."

நான் சொன்னேனே என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் மாஸ்டருக்கு வாழ்க்கையில் கிடைக்கப் போவதில்லை. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம். அவர் அதைக் கோட்டைவிட்டார். நீலத் துண்டை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. வெள்ளை ஏறாத நுனிகளை உயிரோடு வெட்டி எடுத்து, இந்தத் தண்ணீரைவிட்டு வேறு தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு கையாலும் அணைத்து வளர்த்ததைத் துண்டு போட வேண்டும். மாஸ்டர் தான் வெட்டட்டுமா என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். கோட்டுக்கு மேலே, தோல் நன்றாக இருக்கிற இடத்தில் இன்னும் ஒரு விரல் விட்டு, வெட்டுக்கத்திரியை வைத்தார். ஒவ்வொரு கிளையும் ஒடியும்போது பென்சில் உடைவதுபோலச் சத்தம் கேட்டது. கடைசிக் கிளையை எடுத்ததும் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். அழுகையோடேயே பைகளில் தண்ணீர் நிரப்பிக் கிளைகளை ஒவ்வொன்றாக இறக்கி முடிச்சுப் போட்டார்.

யார் வீட்டுக்கு என்று மாஸ்டர் கேட்டார். வங்கி மேலாளரைக் கூப்பிடலாம், ஊதுவத்தியை நாலு நாள் நிறுத்தச் சொல்லலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"வேணாம். அந்த லிஃப்ட் தம்பிக்குப் போன் போடுங்க."

மாஸ்டர் காதில் விழுந்தது சரிதானா என்று பார்த்தார்.

"மத்தவங்கல்லாம் என்னை மாதிரிங்க. கை வைப்பாங்க" என்றார் அக்கா. "அவர் மறந்துருவார்."

வெளியே மழை. டிரைவிங் ஸ்கூல் காரில் பின்பக்கக் கண்ணாடி ஒன்று பாதியில் சிக்கி, ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. ஈரக் காற்று உள்ளே வீசியது. தண்ணீர் ஆறிப்போனால் கிளைகள் தாங்காது. அக்கா இரண்டு பைகளை மேல்கோட்டுக்குள் விட்டு வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மூன்றாவது பைக்கு இடமில்லை. அதை மடியில் வைத்துக் கையால் மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது மாஸ்டர் அந்தப் பையைப் பிடுங்கி, சட்டையின் மேல் இரண்டு பொத்தானைக் கழற்றி, நெஞ்சோடு உள்ளே விட்டுக்கொண்டார். பக்கத்து வண்டிக்காரர் பார்த்தார். பார்க்கட்டும். இந்த வயதில் இது ஒன்றுதான் பாக்கி என்று முணுமுணுத்துக்கொண்டே, குழி கண்ட இடமெல்லாம் வண்டியைத் தாலாட்டாமல் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஏன் என்ன என்று கேட்கவில்லை. மாஸ்டர் சட்டைக்குள்ளிருந்து பையை எடுத்தபோது மட்டும் கொஞ்சம் திடுக்கிட்டார். பைகளைத் தொட்டியில் மிதக்க விட்டு, சூடு ஒத்து வந்ததும் கிளைகளை எடுத்து, பசை வைத்துப் பாறைகளில் நிறுத்தினார்கள். பாசி படிந்த அந்தத் தண்ணீருக்குள் மூத்தவள் ஐந்து துண்டாக நின்றாள். வாய்கள் எல்லாம் மூடிக்கிடந்தன. ஒவ்வொரு நாளும் என்ன செய்ய வேண்டும் என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "ஒண்ணும் பண்ணாதீங்க தம்பி" என்றார். அது தனக்கு நன்றாக வரும் என்றார் அவர்.

அதன் பிறகு மாஸ்டருக்கு வேறு விதமான தொல்லை. வீட்டில் அக்கா தொட்டிப் பக்கம் போவதே இல்லை. உணவு போடுவார், வந்துவிடுவார். மிச்சமிருந்த சின்னப் பவளங்களைத் தொடக்கூட இல்லை. மூத்தவளின் வெள்ளை எலும்பை எடுத்துப்போடவும் இல்லை. மீன்கள் அதற்குள் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தன. மாஸ்டர் ஊதுவத்திகூட ஏற்றிப் பார்த்தார், திட்டு விழவில்லை. திட்டாத வீடு அவருக்குப் பிடிக்கவில்லை. போன் செய்து கேட்டால் லிஃப்ட் மெக்கானிக், "இருக்குக்கா" என்பார். எப்படி இருக்கிறது என்றால், இருக்கிறதாம். படம் அனுப்பச் சொன்னால் மறந்துவிடுவார். அந்த மனிதரின் கழுத்தை நெரிக்கலாம்போல மாஸ்டருக்கு வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று அக்காவைக் காரில் ஏற்றினார்.

கதவைத் திறந்த மெக்கானிக் ஏணியில் ஏறி எதையோ மாட்டிக்கொண்டிருந்தவர்போல, கையில் திருப்புளியோடு நின்றார். போய்ப் பாருங்கள் என்று தொட்டிப் பக்கம் காட்டிவிட்டுத் தேநீர் போடப் போனார். இரண்டு கிளைகள் முழுக்க வெளுத்துச் செத்திருந்தன. மற்ற மூன்றும் உயிரோடு இருந்தன. தோல் வெட்டுவாயை மூடி, பசையின் மேலேயும் வழிந்து பாறையைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. வாய்கள் எல்லாம் திறந்து, மயிர்போல மெல்லிய விரல்களை நீட்டிக்கொண்டிருந்தன. ஊதா அப்படியே இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று கிளைகளில் நடுவில் இருந்தது பசை இளகி லேசாகச் சாய்ந்திருந்தது. விழுகிற அளவுக்கு அல்ல, நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான். ஒரு விரலால் தட்டினால் சரியாகிவிடும். தொட்டியின் மேல்மூடி திறந்திருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டார் என்பதை மாஸ்டர் பார்த்துவிட்டார். வலது கை மடியிலிருந்து எழுந்தது. கண்ணாடியின் விளிம்புவரை போனது.

மாஸ்டரின் கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது.

கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அக்கா அதைக் கீழே இறக்கி, இடது கையையும் சேர்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.